காற்றுக்கு ஒரு வீடு

கி.மு. 4-ஆம் நூற்றாண்டில் இத்தாலியின் தென்கோடியில் தூரியை என்றொரு கிரேக்க நகரம் இருந்தது. சிராக்கூஸ் நகரத்துக் கொடுங்கோலன் டயனீசியஸ் முந்நூறு கப்பல்களில் படையை ஏற்றிக்கொண்டு அதன்மீது வந்தான். கரை தொடுவதற்குள் வடகாற்று எழுந்து கப்பல்களை உடைத்துப் போட்டது. பிழைத்த ஊரார் கூடித் தீர்மானம் போட்டார்கள்: போரியாஸ் என்னும் வடகாற்று இனி இந்த ஊரின் குடிமகன், அவனுக்கு ஒரு வீடும் நிலமும் எழுதி வைக்க வேண்டும், ஆண்டுதோறும் படையல் போட வேண்டும். உரோம நாட்டு எழுத்தாளர் ஈலியன் இதைக் குறித்து வைத்திருக்கிறார்.

காற்றுக்கு வீடு எழுதி வைத்த இந்த ஊரைப் பற்றிப் படித்ததிலிருந்து இலங்கை மலையகத்தில் ஹட்டன், நுவரெலியா பக்கத்துத் தேயிலைத் தோட்ட லயங்கள்தான் என் நினைவில் வந்துகொண்டிருக்கின்றன. கூரைத் தகரத்தின் மேல் கருங்கல்லும் மணல் மூட்டையும் பழைய டயரும் ஏற்றி வைத்திருக்கும் வீடுகள் அவை. கூரைக்கு மேலே காற்று அளவுக்கு மிஞ்சி வீசும். கூரைக்குக் கீழே, அடுப்புப் புகையை வெளியே தள்ளக்கூட ஒரு இழை காற்று வராது. இரண்டும் ஒரே வீட்டில், ஒரே நாளில் நடக்கும். இது ஏன் என்று கேட்கத் தொடங்கினால் கிரேக்கத்துச் சின்னச் சாமிகள், மலையின் இயற்பியல், காப்பிச் செடியின் நோய், தேயிலை ஸ்டோரின் மேல்மாடி எல்லாம் ஒன்றையொன்று இழுத்துக்கொண்டு வருகின்றன.

முதலில் அந்தச் சாமிகள். பெரிய தெய்வங்களுக்குக் கிடைத்த பளிங்குக் கோவில்கள் கிரேக்கக் காற்றுகளுக்குப் பெரும்பாலும் கிடைக்கவில்லை. கிடைத்தவை வயலோரத்திலும் வாசலோரத்திலும் இருந்தன. யூடீமஸ் என்ற விவசாயி தன் நிலத்திலேயே செஃபிரஸ் என்னும் மேல்காற்றுக்குச் சிறு கோவில் கட்டினான். களத்தில் தானியம் தூற்ற நின்றபோது வேண்டிய நேரத்தில் அந்தக் காற்று வந்து உதவியது என்பதே காரணம். சுளகைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு காற்றுக்காக நின்று பார்த்தவர்களுக்கு இந்த நன்றியின் கனம் தெரியும். கிரேத் தீவின் க்னோசஸ் அரண்மனையில் கிடைத்த களிமண் ஏடுகள் மூவாயிரம் ஆண்டுகளுக்கு மேல் பழையவை. அவற்றில் காற்றுகளின் பூசாரிணிக்கு அளந்து கொடுத்த எண்ணெய்க் கணக்கு எழுதியிருக்கிறது. மெத்தனா என்ற ஊரில் லிப்ஸ் என்னும் தென்மேல் காற்று கொடித் திராட்சையின் இளந்தளிரைக் கருக்கிவிடும். காற்று இறங்கும்போது இரண்டு ஆண்கள் வெள்ளைச் சிறகுள்ள சேவலொன்றை இரு கூறாக்கி, ஆளுக்கொரு பாதியோடு கொடித்தோட்டத்தை எதிரெதிர்த் திசையில் சுற்றி ஓடி, புறப்பட்ட இடத்தில் சந்தித்து அதைப் புதைப்பார்கள். பவுசானியாஸ் என்ற பயணி இதை 2-ஆம் நூற்றாண்டில் எழுதினார்.

இவர்களிலெல்லாம் எனக்கு மிக நெருக்கமாகப் படுவது ஏதென்ஸ் நகரத்து திரித்தோபதோரஸ். பெயருக்கு மூன்றாம் தலைமுறைத் தந்தையர், அதாவது பூட்டன்மார் என்ற பொருள் உண்டு. ஏதென்ஸ்காரர்கள் அவர்களைக் காற்றுகள் என்றும் சொன்னார்கள், காற்றின் வாயிற்காவலர் என்றும் சொன்னார்கள். கல்யாணம் செய்துகொள்ளப் போகிறவர்கள் பிள்ளை வரம் வேண்டி அவர்களுக்குப் படையல் போட்டார்கள். நகரத்தின் இடுகாட்டுப் பகுதியான கெரமைக்கோஸில் அவர்களுக்கென்று ஒதுக்கிய நிலத்தை எல்லைக் கற்களோடு அகழ்வாய்வாளர்கள் கண்டெடுத்திருக்கிறார்கள். உயிர் என்பது மூச்சு. மூச்சு வெளியிலிருக்கும் காற்றிலிருந்து உள்ளே நுழைகிறது. முன்னோரும் காற்றாகத்தான் இருக்கிறார்கள். ஆகவே பிறக்கப் போகும் பிள்ளைக்கு அவர்களிடம்தான் கேட்க வேண்டும். இந்த எண்ண ஓட்டம் நமக்கு அந்நியமானதில்லை. உடம்புக்குள் பத்து வாயுக்கள் ஓடுவதாகச் சொன்ன மரபு நம்முடையது.

தோட்டத்திலும் காற்றுக்கும் பிள்ளைக்கும் இதே பந்தம் உண்டு, அச்சத்தின் வடிவில். பிள்ளை பெற்ற காம்பிராவின், அதாவது லய அறையின், வாசலில் வேப்பிலை சொருகுவார்கள். உச்சி வேளையிலும் அந்தி நேரத்திலும் கைக்குழந்தையை ஆற்றோரத்துக்கும் தண்ணீர்ப் பீலிக்கும் தூக்கிப் போக விடமாட்டார்கள். போயே ஆக வேண்டுமென்றால் கையில் ஒரு இரும்புத் துண்டு இருக்கும். “காத்துக் கறுப்பு பட்டுரும் புள்ள, உள்ள வா” என்று அப்பாயி கூப்பிடுவாள். பிள்ளை விடாமல் அழுதால், பால் குடிக்காவிட்டால், காற்றுத்தான் பட்டிருக்கும். மந்திரிப்பார்கள், சாம்பிராணி போடுவார்கள், கறுப்புக் கயிறு கட்டுவார்கள். பெயரில்லாத, கோவிலில்லாத, படம் இல்லாத காற்று இது. ஆனால் எல்லா வீட்டுக்கும் அதைத் தெரியும்.

பெயருள்ள காற்றுக்கு வந்தால் வாயு பகவான் எண்திசைக் காவலரில் ஒருவர். வடமேற்கு அவருடைய மூலை. அவருக்கென்று தனிக் கோவில் மலையகத்தில் நான் கண்டதில்லை. மகனுக்கு இருக்கிறது. ரம்பொடையில் சின்மயா மிஷன் கட்டிய அனுமன் கோவில் நுவரெலியா வீதியில் போகிற எல்லோரும் வண்டியை நிறுத்தும் இடம். கொத்மலை நீர்த்தேக்கத்தைப் பார்த்த மலைமுகட்டில், முகில் ஏறி இறங்கும் இடத்தில், காற்றின் மகன் நிற்பது பொருத்தமாகத்தான் இருக்கிறது.

தமிழில் திசைக்கொரு காற்றுண்டு. தெற்கே தென்றல், வடக்கே வாடை, கிழக்கே கொண்டல், மேற்கே கோடை. ஏதென்ஸில் ஆந்திரோனிக்கஸ் என்பவர் கட்டிய எண்கோணப் பளிங்குக் கோபுரம் இன்றும் நிற்கிறது. அதன் எட்டுப் பக்கத்திலும் எட்டுக் காற்றுகள் பறக்கின்றன. பலவற்றின் கையில் அவை கொண்டு வருவது இருக்கிறது: ஒருவன் மடியில் பூ, ஒருவன் கையில் கவிழ்த்த நீர்க்குடம், ஒருவன் கேடயத்தில் ஆலங்கட்டி. எந்தத் திசையிலிருந்து வந்தால் என்ன செய்யும் என்பதே அந்தச் சிற்பங்களின் செய்தி. நம் நான்கு பெயர்களும் அதே வேலையைத்தான் செய்தன. ஆனால் இப்படிப்பட்ட அறிவு இடத்தோடு கட்டுண்டது. மலை குறுக்கே வந்தால் அதே காற்று வேறு ஆளாகிவிடும். மலையகத்துக்கு வந்தவர்களின் கதையில் நடந்தது அதுதான்.

19-ஆம் நூற்றாண்டில் காப்பித் தோட்டத்துக்கும் பின்னர் தேயிலைத் தோட்டத்துக்கும் கங்காணிமார் ஆள் திரட்டி வந்த ஊர்களை நினைத்துப் பாருங்கள். திருச்சி, புதுக்கோட்டை, மதுரை, இராமநாதபுரம், சேலம். எல்லாம் மேற்குத் தொடர்ச்சி மலைக்குக் கிழக்கே உள்ள வறண்ட நிலங்கள். ஆடி மாதத்துத் தென்மேற்குக் காற்று கேரளத்தின் பக்கம் மழையைக் கொட்டிவிட்டு மலையைத் தாண்டி அங்கே இறங்கும்போது அதில் ஈரம் இல்லை, வேகம் மட்டும் இருக்கிறது. ஆடிக்காற்றில் அம்மியும் பறக்கும் என்ற பழமொழி அந்த நிலத்தில் பிறந்தது. தூசிக் காற்று, மழையில்லாத காற்று. அந்த மக்கள் கடல் தாண்டி வந்து ஹட்டனிலும் மஸ்கெலியாவிலும் வட்டவளையிலும் குடியேறியபோது மலையின் மறுபக்கத்துக்கு வந்து சேர்ந்தார்கள். அதே ஆடி, அதே தென்மேற்குக் காற்று. ஆனால் இங்கே அது மழையோடு வரும். வட்டவளை, கினிகத்தேனைப் பக்கம் ஆண்டு மழை 5,000 மில்லிமீட்டர் அளவுக்குப் போகும். ஊரில் வாயைக் காயவைத்த காற்று இங்கே கம்பளியை நனைத்துக் கனமாக்கியது. சாமியையும் சாங்கியத்தையும் அவர்கள் கையோடு கொண்டுவந்தார்கள். காற்றைப் பற்றிய அறிவை மட்டும் இங்கே வந்துதான் புதிதாகக் கற்க வேண்டியிருந்தது.

இதன் இயற்பியலைப் பட்டிப்பொலை ரயில் நிலையத்தில் கண்ணாலேயே பார்க்கலாம். இலங்கையில் மிக உயரத்திலுள்ள நிலையம் அது. கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,890 மீட்டர். அதைத் தாண்டினால் ஒரு சுரங்கம். ஜூலை மாதத்தில் சுரங்கத்துக்கு இந்தப் பக்கம் சாரலும் முகிலுமாக இருக்கும். அந்தப் பக்கம் ஒஹியாவில் வெளியே வந்தால் பல நாட்களில் வெயில் அடிக்கும். நுவரெலியா மாவட்டமும் பதுளை மாவட்டமும் பிரியும் எல்லையும் அதுதான்.

கடலோரத்தில் 28 பாகை வெப்பத்தோடு புறப்படும் காற்று களனிப் பள்ளத்தாக்கு வழியாக மேலேறுகிறது என்று வைத்துக்கொள்வோம். மேலே அழுத்தம் குறைவு. காற்று விரிகிறது, விரியும்போது குளிர்கிறது. ஈரம் திரளாத வரை ஒரு கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 10 பாகை குறையும். 500 மீட்டரில் முகில் கட்டத் தொடங்கினால் அப்போது 23 பாகை. அதற்கு மேல் நிலைமை மாறுகிறது. நீராவி துளியாகும்போது, ஆவியாவதற்கு அது வாங்கியிருந்த வெப்பத்தைத் திருப்பிக் கொடுக்கிறது. ஒரு கிராமுக்கு ஏறத்தாழ 2,500 ஜூல். இந்த உள்வெப்பத்தால் காற்று மெதுவாகத்தான் குளிர்கிறது, கிலோமீட்டருக்கு 5 பாகை போல. 1,100 மீட்டரில் 20 பாகை, 2,200 மீட்டர் முகட்டில் 14.5 பாகை. வழியெல்லாம் மழை கொட்டியாயிற்று. மறுபக்கம் இறங்கும்போது துளி இல்லாததால் முழுக் கணக்கில், கிலோமீட்டருக்கு 10 பாகை வீதம் சூடேறும். 1,100 மீட்டருக்கு இறங்கியதும் 25.5 பாகை. ஏறும்போது அதே உயரத்தில் 20 பாகையாக இருந்த காற்று, இறங்கும்போது ஐந்தரைப் பாகை கூடிய சூட்டோடும் ஈரம் வடிந்த உடம்போடும் வருகிறது. மழையைக் கொடுத்ததற்கு ஈடாகத்தான் அந்தச் சூடு. ஆல்ப்ஸ் மலையில் இப்படி இறங்கும் காற்றின் காரணத்தை 1866-இல் ஆஸ்திரிய வானிலையாளர் யூலியஸ் ஹான் விளக்கினார். மலைக்குக் கிழக்கே ஊவாவிலும் மட்டக்களப்பிலும் இப்படி இறங்கும் காற்றுக்குக் கச்சான் என்று பெயர். மார்கழி, தை மாதங்களில் வடகீழ்க் காற்று வரும்போது முறை மாறும். ஊவா நனையும், ஹட்டன் பக்கம் உலரும்.

காற்று ஓய்ந்தால் நல்லது என்றும் சொல்லிவிட முடியாது. தை, மாசியில் நுவரெலியா, கண்டப்பளை, அம்பேவெலப் பள்ளங்களில் வானம் வெளுத்துக் காற்று நின்றுவிடும் இரவுகள் உண்டு. நிலம் தன் சூட்டை வானத்துக்கு விட்டுவிடும். அதைத் தொட்டுக் குளிர்ந்த காற்று கனத்துப் போய்ப் பள்ளத்தில் வந்து தேங்கும். கலக்கிவிட மேலே காற்றில்லை. விடியும்போது உருளைக்கிழங்குச் செடியும் தேயிலைத் தளிரும் உறைபனியில் வெந்து கருகிக் கிடக்கும்.

மலையகம் தேயிலை நாடானதே காற்றால்தான். 1869-இல் மடுல்சீமைப் பக்கத்துக் காப்பித் தோட்டமொன்றில் இலையின் அடியில் செம்மஞ்சள் பொடி தெரிந்தது. ஹெமிலெயா என்னும் பூஞ்சையின் வித்துத் தூள் அது. சில ஆண்டுகளில் தீவெங்கும் பரவியது. காரணம் காண 1880-இல் ஹரி மார்ஷல் வார்ட் என்ற இளம் ஆய்வாளர் இங்கிலாந்திலிருந்து வந்தார். பசை தடவிய கண்ணாடித் தகடுகளைத் தோட்டத்தில் காற்று படும்படி வைத்து, அவற்றில் ஒட்டிய வித்துகளை நுண்நோக்கியில் பார்த்தார். காற்றில் பறந்து வந்த நோயை அவர் காற்றிலேயே பிடித்தார். மலைமலையாக இடைவெளியில்லாமல் ஒரே பயிரை நட்டதால் வித்து விழும் இடமெல்லாம் அதற்கு இரை கிடைத்தது. காப்பி அழிந்தது. 1867-இல் லூல்கந்துரையில் ஜேம்ஸ் டெய்லர் நட்டிருந்த தேயிலை அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டது. 1946-இல் தேயிலைக்கும் ஒரு காற்றுநோய் வந்தது, கொப்புள நோய். முகிலும் சாரலுமான மாதங்களில் அதன் வித்து பறக்கும். 1925-இல் நிறுவப்பட்டு இன்று தலவாக்கலையில் இயங்கும் தேயிலை ஆராய்ச்சி நிலையம் அதோடு பல பத்தாண்டுகள் மல்லுக்கட்டியது. தேயிலை மலைகளில் வரிசையாக நிற்கும் சவுக்கு மரங்களைக் காணும்போது அவை நிழலுக்கு மட்டும் நிற்கவில்லை என்பதை நினைத்துக்கொள்ளுங்கள். காற்றின் வேகத்தை உடைப்பதும் அவற்றின் வேலை.

மெத்தனாவில் தளிரைக் கருக்கியதற்காகச் சேவல் வெட்டி விரட்டிய அதே மாதிரி வறட்டுக் காற்றுத்தான் இங்கே தேயிலைக்கு மணம் தருகிறது. ஜூலை முதல் செப்டெம்பர் வரை கச்சான் வீசும் ஊவாத் தேயிலைக்கும், ஜனவரி முதல் மார்ச் வரை குளிர் இரவும் வறட்டுப் பகலும் மாறி மாறி வரும் ஹட்டன், டிக்கோயா, பொகவந்தலாவைத் தேயிலைக்கும் உலகச் சந்தையில் தனி மதிப்பு உண்டு. காற்று ஈரத்தை உறிஞ்சும்போது செடி தளிர் விடுவதைக் குறைத்துக்கொள்கிறது. தன் தற்காப்புக்கான வேதிப்பொருள்களைத் தளிரில் சேர்க்கிறது. அவற்றில் ஒன்று மெத்தில் சாலிசிலேட். கைகால் வலிக்குத் தேய்க்கும் தைலத்தில் மூக்கைத் துளைக்கும் அதே வாசனை. ஊவாத் தேயிலையின் பெயர்போன குணம் பெரும்பாலும் அதனால் வருவது. செடியின் தவிப்புத்தான் கோப்பையில் மணக்கிறது.

செடியோடு சேர்ந்து தவிக்கும் இன்னொருவரையும் இங்கே சொல்லாமல் போக மனம் வரவில்லை. தளிர் குறையும் மாதங்களில் கூடை நிறையாது. தோட்டத்துக்குத் தோட்டம் மாறுபடும் கிலோக்கணக்கு ஒன்று இருக்கிறது. அதை எட்டினால்தான் முழுப் பேர், அதாவது முழுநாள் சம்பளம். எட்டாவிட்டால் அரைப் பேர். ஆகவே விலை கூடிய தேயிலை இறங்கும் காலம், அதைக் கிள்ளியவளின் சம்பளம் சுருங்கும் காலமாகவும் இருக்கலாம். காற்றின் வரவு ஒரு பக்கமும் செலவு மறுபக்கமும் எழுதப்படுவது மலைமுகட்டில் மட்டும் நடப்பதில்லை.

கொழுந்து ஸ்டோருக்கு, அதாவது தேயிலை ஆலைக்கு, வந்ததும் மறுபடி காற்றின் ஆட்சி. பறித்த பச்சைக் கொழுந்தில் முக்கால் பங்குக்கு மேல் தண்ணீர். உருட்டுவதற்கு முன் அதை வாட்ட வேண்டும். நூறு கிலோக் கொழுந்தில் 77 கிலோ தண்ணீர் என்று கொண்டால், வாடி முடியும்போது எடையில் தண்ணீர் 55 விழுக்காடாக இருக்க வேண்டும். கணக்குப் போட்டால் ஏறக்குறைய 49 கிலோ தண்ணீர் வெளியேற வேண்டும். பாதிக்குப் பாதி, 12 முதல் 18 மணி நேரத்துக்குள், இலையைச் சுடாமல் வெறும் காற்றோடு கலந்து போக வேண்டும். தண்ணீர் போவதோடு வேலை முடிவதில்லை. இலையின் புரதம் அமினோ அமிலங்களாக உடைகிறது, மணப்பொருள்கள் கட்டு அவிழ்கின்றன, இலை துவண்டு உருட்டுக்குப் பக்குவமாகிறது. காற்றில் ஈரம் கூடினால் கொழுந்து அழுகும். காய்ந்த காற்று வேகமாக அடித்தால் மேலே சருகாகி உள்ளே பச்சையாக நிற்கும். டீமேக்கர் இரவில் எழுந்து போய்க் கொழுந்தைக் கையில் அள்ளிப் பிசைந்து பார்ப்பது அதற்காகத்தான்.

இதனால்தான் பழைய தேயிலை ஸ்டோர்கள் அந்த உருவத்தில் நிற்கின்றன. மூன்று, நான்கு மாடி, நீள வாக்கு, சுவர் நிறைய வரிசை வரிசையாக ஜன்னல். மேல்மாடிகளில் சாக்குத் துணித் தட்டுகளில் கொழுந்தைப் பரப்பி, எந்தப் பக்கம் காற்று வருகிறதோ அதற்கேற்ப ஜன்னலைத் திறந்து மூடுவார்கள். பல ஸ்டோர்கள் காற்று வாங்கும் மேட்டில் நிற்கின்றன. பிற்காலத்தில் பெரிய விசிறியும் நீண்ட தொட்டிகளும் வந்து, கீழிருந்து மேலாகக் காற்றை ஊதத் தொடங்கின.

அந்த ஸ்டோருக்கும் ஒரு சாமி உண்டு, ரோதைமுனி. பெரிய சக்கரமும் வாரும் ஓடும் இடத்தில் கைகால் போகாமல் காக்கும் முனி. ஊரிலிருந்து வந்த முனியாண்டியும் மாடசாமியும் போதாதென்று தோட்டமே பெற்றெடுத்த தெய்வங்களில் ஒருவர். கவ்வாத்து வெட்டத் தொடங்கும் மலையில் தேங்காய் உடைத்து, சில இடங்களில் சேவலும் அறுத்துக் கும்பிடும் கவ்வாத்துச்சாமி இன்னொருவர். வேதத்திலும் புராணத்திலும் இவர்களைத் தேடிப் பயனில்லை. வேலையின் ஆபத்தையும் வேலையின் பருவத்தையும் அறிந்தவர்கள் படைத்துக்கொண்ட சாமிகள். விசிறி சுழன்று காற்றை ஊதும் ஸ்டோரில் ரோதைமுனிதான் காற்றுக்கும் சாமி என்று சொல்ல எனக்கு ஆசை. யூடீமஸின் வயலோரக் கோவிலுக்கு நம்மிடம் மிக நெருங்கி வருவது அவர்தான்.

இலைக்கு இவ்வளவு கவனமாகக் காற்று வைத்துக் கட்டினார்களே, அதே தோட்டத்தில் அதே கைகள் கட்டிய லயத்தைப் பாருங்கள். பழைய இரட்டை லயங்களில் நடுவில் ஒரே சுவர். சுவருக்கு இந்தப் பக்கம் ஒரு வரிசை, அந்தப் பக்கம் ஒரு வரிசை. பத்தடிக்குப் பன்னிரண்டடிக் காம்பிரா ஒரு குடும்பத்துக்கு. மூன்று பக்கமும் பக்கத்து வீட்டுச் சுவர், திறப்பு முன்னால் மட்டும். ஒரு வாசலால் வரும் காற்று வெளியேற எதிரே வழி வேண்டும். இல்லாவிட்டால் அது வாசலிலேயே திரும்பிவிடும். கொழுந்தை வாட்டத் தெரிந்தவர்களுக்கு இந்த விதி தெரியாமல் இருந்திருக்க முடியாது. அன்று இலை கெட்டால் லண்டன் ஏலத்தில் விலை விழுந்தது, ஆள் இருமினால் எங்கும் விழவில்லை. இதைவிட மென்மையாக இதைச் சொல்ல எனக்கு வழி தெரியவில்லை.

ஈர விறகு எரியும் அடுப்பின் புகை அந்தக் காம்பிராவில்தான் சுற்றி வரும். அதிலுள்ள நுண்துகள் நுரையீரலின் கடைசி அறை வரை போகும். வீட்டுப் புகை, ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு நிமோனியா வருவதற்கு முக்கியக் காரணங்களில் ஒன்று என்று உலக சுகாதார நிறுவனம் பல ஆண்டுகளாகச் சொல்லி வருகிறது. பிள்ளைக்குக் காற்றுப் பட்டுவிட்டது என்று அஞ்சிய அப்பாயியின் அச்சத்தில் ஒரு பாதி சரி என்றே நான் நினைக்கிறேன். கெட்ட காற்று ஒன்று இருக்கத்தான் செய்தது. அது அந்தியில் ஆற்றோரத்திலிருந்து வந்ததில்லை. கதவைச் சாத்தி, சாம்பிராணியும் போட்டு, பிள்ளையை அதற்குள்ளேதான் காத்துக்கொண்டிருந்தோம்.

இனிக் கூரை. வைகாசிக் கடைசியில் காற்று திரும்பியதும் லயத்தில் முதலில் கேட்பது தகரத்தின் படபடப்பு. காற்று கூரைமேல் ஏறித் தாண்டும்போது வேகம் கூடி, மேலே அழுத்தம் குறைகிறது. வாசல் வழியாகவும் கூரைக்கும் சுவருக்கும் உள்ள இடைவெளி வழியாகவும் உள்ளே புகுந்த காற்று கீழிருந்து தள்ளுகிறது. இரண்டும் சேர்ந்து தகரத்தை மேலே தூக்கும். வானிலை அறிக்கைகளில் அடிக்கடி வரும் மணிக்கு 60 கிலோமீட்டர் காற்றை எடுத்துக்கொண்டால், ஹட்டன் உயரத்தில் ஒரு சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 15 கிலோ எடைக்குச் சமமான இழுப்பு வரும். எட்டடி நீளம், இரண்டரை அடி அகலமுள்ள ஒரு தகரத்துக்கு ஏறத்தாழ 28 கிலோ. தகரத்தின் சொந்த எடை பத்துக் கிலோவுக்குள். மிச்சத்துக்குத்தான் கல். இந்தக் கணக்கை யாரும் எழுதிப் பார்க்காமலேயே, இருபது கிலோ தேறும் கல்லைத் தேர்ந்து ஏற்றியிருக்கிறார்கள். ஆனால் காற்றின் விசை வேகத்தின் இருமடியாக ஏறும். 60 கிலோமீட்டர் 90 ஆனால் இழுப்பு இரண்டேகால் மடங்கு. அதே தகரத்துக்கு ஏறத்தாழ 63 கிலோ. ஓரத்திலும் கூரை முகட்டிலும் இழுப்பு இன்னும் கடுமை. அதனால்தான் எப்போதும் முன் திண்ணையான இஸ்தோப்புக்கு மேலே நீட்டிக்கொண்டிருக்கும் தகரம் முதலில் பெயர்கிறது. ஒன்று பெயர்ந்தால் உள்ளே காற்றுக்கு வழி பெரிதாகி அடுத்தது பெயரும். லயத்துக்கு ஒரே நீளக் கூரை என்பதால் ஒரு வீட்டோடு அது நிற்பதுமில்லை. உச்சக் காற்றில் கல்லே ஆபத்தாகிறது. தகரத்தோடு எழும்பும் கல் கீழே எங்கே விழும் என்று சொல்ல முடியாது.

வீட்டின் மூலைகளைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். அடுப்புக்குத் தென்கிழக்கு அக்கினி மூலை, அது அமையாவிட்டால் வடமேற்கு வாயு மூலை என்பது நம் மனைசாத்திர வழக்கு. தென்மேற்கும் வடகிழக்கும் மாறி மாறி வீசும் நாட்டில் இதை ஒரு தாளில் வரைந்து பார்த்தேன். சதுர வீட்டின் தென்கிழக்கு மூலையில் எழும் புகையைத் தென்மேற்குக் காற்று கிழக்குச் சுவர் வழியாக வெளியே கொண்டுபோகிறது. வடகீழ்க் காற்று தெற்குச் சுவர் வழியாக வெளியே கொண்டுபோகிறது. வடமேற்கு மூலைக்கும் அப்படியே. இந்த இரண்டு மூலைகளிலிருந்து மட்டும் எந்தப் பருவத்திலும் புகை வீட்டின் நடுவே நுழையாது. தென்மேற்கு மூலையில் அடுப்பு வைத்தால் தென்மேற்குக் காற்று வீசும் மாதங்களில் வீடு முழுக்கப் புகை. சாத்திரம் இதை எண்ணித்தான் சொன்னது என்று நான் வாதிட மாட்டேன். ஆனால் வழக்கம் பருவக்காற்றோடு பொருந்தி நிற்கிறது. மூலையைத் தேர்ந்துகொள்ளும் உரிமையே இல்லாமல் லயத்தில் வாழ்ந்த தலைமுறைகளுக்கு அந்தப் பயன் கிடைக்கவில்லை.

இப்போது தனி வீடுகள் எழும்புகின்றன. இந்திய உதவியில் மலையகத்துக்கு முதலில் 4,000 வீடுகள். 2017 மே மாதம் நோர்வூட் கூட்டத்தில் இந்தியப் பிரதமர் மேலும் 10,000 வீடுகள் அறிவித்தார். ஏழு பேர்ச்சஸ் காணியில் 550 சதுர அடி வீடு, குடும்பத்தின் பெயரில் உறுதியோடு. நூற்றைம்பது ஆண்டுக்கு மேல் காத்திருந்த காரியம் இது, சிறியதென்று யாரும் சொல்லக் கூடாது. ஆனால் லயத்தில் வீட்டுக்கு வீடு முட்டுக்கொடுத்து நின்றது. சரிவில் தனியே நிற்கும் வீட்டைக் காற்று நான்கு பக்கமும் தொடும். நல்ல வீட்டுக்குக் கூடவே நல்ல கட்டுமானமும் வேண்டும். செலவு பெரிதில்லை. ஆணிக்குப் பதில் ரப்பர் வளையத்தோடு கொக்கி போல்ட். கூரையின் ஓரத்திலும் முகட்டிலும் அந்தப் போல்ட்டை இரட்டிப்பாக்க வேண்டும். கைமரத்தைச் சுவரின் காங்கிரீட் வளையத்தோடு இரும்புப் பட்டையால் பிணைக்க வேண்டும். தென்மேற்கிலும் வடகிழக்கிலும் எதிரெதிராக ஒவ்வொரு ஜன்னல் இருந்தால் இரண்டு பருவத்துக் காற்றும் வீட்டுக்குள் வந்து வெளியேறும். சமையலறை அக்கினி மூலையிலோ வாயு மூலையிலோ அமைய இடம் கொடுத்தால் புகையும் உடனே போய்விடும்.

லயத்தில் இன்னும் இருப்பவர்களுக்கு இதில் கூரை வேலை மட்டுமாவது செய்துகொடுக்க முடியும். அதற்குத் தோதான காலம் மார்ச்சும் ஏப்ரல் முற்பாதியும். வடகீழ்க் காற்று ஓய்ந்து, தென்மேற்குக் காற்று இன்னும் ஏறாமல், கூரைமேல் ஆள் நின்று வேலை செய்யக்கூடிய சில வாரங்கள்.